மூச்சு வாங்கும் இடம்

மே 6, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. வில்லியனூரில் இறங்கி டவுன் பஸ். கிதார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வரை நின்றபடியே. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் பஸ் ஊர்ந்தது.

கோவை, கொச்சி முடிந்தது. அடுத்த செவ்வாய் பெங்களூர். அதுவரை வீடு.

செய்ய வேண்டியவை:
– தொண்டைக்கு மிளகுப் பால்
– மேடைப் புடவை (வெள்ளையில் கறுப்புப் பொட்டு) இஸ்திரி
– கீபோர்டு வினோத்துக்கு போன். பெங்களூரில் முதல் பாட்டு ‘கதவு’

‘கதவு’ இரண்டு வருடமாக மேடை ஏற்றாமல் வைத்திருந்த பாட்டு. “போகிறவனே, கதவைச் சாத்திவிட்டுப் போ.” பழைய காலத்து அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டு மாதிரி ஆர்கன் மெதுவாக நுழைய வேண்டும், பிறகு ட்ரம்பெட். அடுத்த மாதம் வெளியீடு. நான் எழுதியதிலேயே இதுதான் நல்ல பாட்டு. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

என் போஸ்டரைப் பார்த்து அம்மா: “இன்னாடி கொண்ட இது, காக்கா கூடு கட்டும் போல.” நல்லதாக ஒரு வார்த்தை வராது.

மே 7, புதன்

மாதா கோயில் திருவிழா, ஒன்பது நாள் நவநாள் ஜெபம். சாயங்காலப் பூசைக்கு அம்மாவோடு போனேன். அக்கா ஜெசிந்தா பாடகர் குழுவில் பதினைந்து வருடம் பின்வரிசை. இன்று முன்வரிசை, நடுவில்!

காணிக்கைப் பாட்டு. “வருகிறவரே, கதவைத் திறந்து வாரும்.”

என் மெட்டு. அச்சு அசல்.

முதலில் ஏதோ பிரமை என்று நினைத்தேன். மூன்றாவது வரி வந்தது. இந்தப் பாட்டை சேலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் போனில் பதிவு செய்தேன், நான் காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட அன்று காலையில். மூன்றாவது வரியின் நடுவில் அழுகை வந்து மூச்சை இழுத்தேன். மெட்டில் அது கிடையாது. இன்று அதே இடத்தில் இருபது பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள்.

அந்தப் பதிவை அனுப்பியது அக்காவுக்கு மட்டும். அவனைப் பற்றித் தெரிந்ததும் அவளுக்கு மட்டும்.

பக்கத்தில் ஒரு பெண், அம்மாவிடம்: “உம் பெரிய பொண்ணு போட்ட பாட்டாமே! ரெண்டுமே பாட்டுக்காரிங்கதான் போ.” அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அக்காவை நினைத்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மே 8, வியாழன்

தூக்கமே இல்லை. எட்டு மணிக்கெல்லாம் அக்கா வீட்டில். மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும் போட்டுக் காட்டாதன்னு சொன்னேன் இல்ல?”

“காட்டல. நான் மட்டுந்தான் கேட்டுனு இருந்தேன். வேல செய்யும்போது வாயில வந்துடுச்சி. சவரி சார் யாரு மெட்டும்மான்னு கேட்டாரு.”

சவரி சார்: ரிட்டயர்டு வாத்தியார், பாடகர் குழுவுக்குத் தலைவர்.

“இன்னா சொன்ன?”

மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் போட்டதுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னையே பாத்தாங்கடி. உனக்கு ஊரு ஊரா கை தட்றாங்க. எனக்கு இந்த ஒரு கோயிலுதான்.”

கத்திவிட்டேன். நான் அழுததைக்கூட எடுத்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயே என்று.

நிமிர்ந்து பார்த்தாள். “அழுதியா? சளி புடிச்சிருந்துச்சின்னு இல்ல நெனச்சேன்.”

திருடியதைவிட இதுதான் வலிக்கிறது. இரண்டு வருடம் அதைக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட என் காதில் விழுந்த மாதிரி அவள் காதில் விழவில்லை.

மே 9, வெள்ளி

மத்தியானம் சவரி சார் வீட்டுக்கே வந்தார். “ஞாயித்துக்கெழம பெரிய பூசையில, உங்க அக்கா பாட்டுல மொத நாலு வரிய நீ தனியா பாடணும் ரெஜினா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா: “பாடுவா சார்.”

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நானும் சொல்லவில்லை. சொன்னால் போனவன் யார் என்று கேட்பார்கள். அம்மாவின் சிரிப்பும் போய்விடும். சொல்லாமல் பெங்களூரில் பாடினால், அக்காவின் கோயில் பாட்டைத் திருடிக் காதல் பாட்டாக்கியவள் ஆவேன்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

மே 11, ஞாயிறு

வினோத்துக்குக் காலையில் மெசேஜ்: முதல் பாட்டு ‘கதவு’. மாற்றமில்லை. திருடி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோயிலில் கூட்டம், வேர்வை. மாம்பழக் கலரில் குழுவின் புடவை எனக்கும் ஒன்று. வார்த்தைகள் அவர்களுடையவை, ஒன்றையும் மாற்றவில்லை. மூன்றாவது வரியில் மட்டும் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் பாடினேன், நான் முதலில் மெட்டுப் போட்டபடி. எனக்குப் பின்னால் இருபது பேர் பழக்கத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்து சவரி சார் வந்தார். பக்கத்தில் அக்கா, மைக் வயரைச் சுற்றிக்கொண்டு.

“நல்லா பாடினம்மா. ஆனா மூணாவது வரியில ஒரு மூச்சு வாங்கணும். அத வுட்டுட்ட பாரு. அங்கதான் அந்தப் பாட்டுக்கு உயிரே இருக்குது. உங்க அக்கா கிட்ட ஒரு தடவ கேட்டுக்க.”

அக்கா வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.