விடியும்போது செய்யவேண்டிய கொலை

நைனா, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உன் தகரப்பெட்டியைத் திறந்து, உன் ஒட்டு மீசையை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்து நின்றார். பாலை ஊற்றிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வாசலில் நின்று சைக்கிள் மணியை அடித்துவிட்டுத்தான் எட்டிப் பார்க்கிறார்.

பெட்டிக்குள் இன்னும் உன் வாசனை இருக்கிறது. அரிதாரமும் தேங்காயெண்ணெயும் பீடியும் கலந்த வாசனை. வருஷம் முழுக்க விசைத்தறி முன்னால் நின்ற நீ, திருவிழாக் கூத்தில் ஒரே ஒரு நாள் ராஜாவாவாய். அண்ணன் ராஜா. தம்பிக்குப் பங்கு கொடுக்க மனசில்லாமல் அவனை விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, சோறு பரிமாறி, அவன் வாய்க்குக் கை போகும்போது குத்திவிடுவாய். உன் கூடப் பிறந்த சித்தப்பாதான் தம்பி வேஷம். முப்பது வருஷம் அவரைச் சலிக்காமல் கொன்றாய்.

குத்துவதற்கு முன்னால் சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு, தம்பியைப் பார்க்காமல் சனங்களைப் பார்த்து, “இன்னொரு பிடி போடட்டுமா?” என்று கேட்பாய். பொம்பளைகள் எழுந்து நின்று கத்துவார்கள். “தம்பி, துன்னாத! எழுந்து ஓடு!” ஒரு வருஷம் உன் மேல் செருப்பு வந்து விழுந்தது. அது அம்மாவின் செருப்பு.

கூத்து முடிந்த அன்று எனக்குக் ‘கொலகாரன் பொண்ணு’ என்று பேர். ஒருத்தியும் பக்கத்தில் வரமாட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, குழாயடியில் குடத்தோடு நேராக முன்னால் போய் நிற்பேன். எவளும் தடுக்கமாட்டாள். தெருவில் யாராவது ஒருத்தி உன் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றி, ஒரு வாய் தயிர்ச்சோறு கொடுத்தால்தான் உன் பாவம் கழியும். அதுவரைக்கும் உன் கையால் யாரும் ஒன்றும் வாங்கித் தின்னக்கூடாது.

அந்தக் காலத்துச் சனம் கூத்தை நிஜமென்று நம்பியது என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். நாலாவதோடு நின்றவள் நான், எனக்கே தெரியும் அது தப்பு. நீ தறிக்காரன் என்று தெரியாதவர் தெருவில் யார்? கத்தி கட்டை என்று தெரியாதவர் யார்? அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எறிந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் கோயில் கமிட்டித் தலைவன் என் டிபன் கடையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

“அக்கா, கூத்த ராத்திரி ஒம்போது மணிக்கே முடிச்சிடலாம்னு பேசிக்கினு இருக்கோம். கொலய திரைக்குப் பின்னால வெச்சிக்கலாம். அலறல் மட்டும் மைக்ல.”

“ஏண்டா, கொலகாரனுக்கு வெக்கமா?”

“போன வருசம் கத்திய எடுத்தப்ப எவனோ விசில் அடிச்சான்க்கா. சனம் போன்ல தெனம் நூறு கொல பாக்குது. கட்டக் கத்திக்கு இன்னா மரியாத?”

எனக்குச் சுருக்கென்றது. திரைக்குப் பின்னால் போய்விட்டால் அப்புறம் அது வெறும் சத்தம். அடுத்த வருஷம் சத்தமும் வேண்டாம் என்பான். நீ முப்பது வருஷம் சுமந்த பாவம் ஒரு மைக்கோடு போய்விடும். அதை விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

விடிய விடியக் கூத்து ஆடி, கொலையை மட்டும் ஏன் விடியும்போது வைத்தீர்கள் என்று உன்னை ஒருமுறை கேட்டேன். “வெளிச்சம் வந்தாத்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. கொல்றவன இல்லம்மா, பாத்துக்கினு இருந்தவன” என்றாய்.

அதையேதான் அவனிடம் சொன்னேன். “போன்ல நூறு கொல பாக்குறவன் மூஞ்சிய எவண்டா பாக்குறான்? விடியும்போதுதான் நடக்கும். எல்லார் முன்னாலயும் நடக்கும்.”

“கத்தி எடுக்க ஆள் இல்லியேக்கா. போன வருசம் எடுத்தவன் விசில் கேட்டதுலேர்ந்து வரமாட்டேன்றான்.”

“நான் எடுக்கிறேன்.”

“ஏமக்கா, நிஜமேனா?” என்று நம் எல்லையோரத் தெலுங்கில் வாயைப் பிளந்தான். “பொம்பள வந்து கொல பண்றதா?”

“தெனம் உனக்கு நாந்தாண்டா சோறு போடுறேன். அதுல பாதி வேல முடிஞ்சிடுச்சி.”

இட்லியை அப்படியே வைத்துவிட்டான்.

தம்பி வேஷத்துக்கு ஆள் தேடவில்லை. சித்தப்பா திருப்பதியில் அலிபிரிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டேன். “உங்கப்பன் கையால முப்பது தடவ செத்தவன் நான். உன் கையால சாவறதுக்கு இன்னா?” என்றார். “கீழ உக்காந்தா எழுந்துக்க முடியாது. செத்தப்புறம் யாரு எழுந்துக்கப் போறா” என்று அவரே சிரித்துக்கொண்டார்.

மேடையில் அவருக்கு இலை போட்டபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. எதிரில் மூஞ்சிகளே இல்லை நைனா, எல்லாம் போன்கள். கையில் சோற்றை அள்ளி, “இன்னொரு பிடி போடட்டுமா?” என்று கேட்டேன். “போடுக்கா, சாம்பாரும் ஊத்து” என்று ஒருவன் கத்த, சிரிப்பு. என் மீசை வேறு ஒரு பக்கம் தொங்கியது. பயமாக இருந்தது. உனக்கும் பயமாக இருந்திருக்குமா? நீ சொன்னதே இல்லை.

குத்திவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. குத்தவில்லை. சோற்றை ஏந்தியபடியே நின்றேன். வெளிச்சம் வரட்டும் என்று நின்றேன். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது சித்தப்பா கிழவர் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார், குழந்தை மாதிரி. சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒரு போன் இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. முன் வரிசையில் இருந்த பூக்காரம்மா, தினமும் என்னிடம் நாலு இட்லி வாங்குகிறவள், எழுந்து நின்றாள்.

“வாங்காத பெரியவரே! அவ போடுறத துன்னாத! எழுந்து வந்துடு!”

குத்தினேன். சித்தப்பா சோற்றோடு சாய்ந்தார். எல்லோரும் போனை இறக்கிவிட்டார்கள் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், பாதிப் பேர் கடைசிவரை எடுத்தார்கள். மீதிப் பாதி அந்த விடியலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது போதும். கமிட்டித் தலைவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் திரையைப் பற்றி அவன் பேசட்டும், பார்க்கிறேன்.

நீ என்னிடம் விட்டுப்போனது கத்தி இல்லை. இன்னொரு இட்லி வைப்பதற்கு முன்னால் சாப்பிடுகிறவர் மூஞ்சியைப் பார்க்கிறேனே, அது. இத்தனை வருஷம் அதை வியாபார குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கடை திறந்ததும் பூக்காரம்மா வந்தாள். நாலு இட்லி வைத்துத் தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“உன் கையால துன்ன மாட்டேன்.”

“கைய கழுவிட்டேன்க்கா.”

“பத்தாது.”

போனவள் ஒரு குடம் மஞ்சத்தண்ணியோடு வந்தாள். கடை வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, என் தலையில் கவிழ்த்தாள். அப்புறம் ஒரு வாய் தயிர்ச்சோறு ஊட்டினாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு நாலு இட்லி வாங்கிக்கொண்டாள்.

மஞ்சத்தண்ணியை ஊற்றியபோது போன் என் இடுப்பில்தான் செருகியிருந்தது, நனைந்து செத்துப்போனது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகும் என்றார்கள். மூன்று நாள் புதைத்து வைத்தேன். சரியாகவில்லை. அந்த அரிசியை வடித்தபோது சோறு மஞ்சளாக இருந்தது. தின்றோம்.