கிடங்குச் சாலையில் நான் எண்ணிய பதினொரு வண்டிகள்

அனுப்புநர்
மார்லின் ட்ரெவெனா (வயது 64),
பள்ளிக் கடவைப் பணியாளர்,
7, குர்ராஜாங் தெரு,
டன்வெல், விக்டோரியா.

பெறுநர்
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
டன்வெல் வட்டார மன்றம்,
டன்வெல்.

பொருள்: ஸ்கேட் திடலைத் தானியக் கிடங்குச் சாலையில் அமைக்கும் முடிவை ரத்து செய்து, நூலகத்தின் பின்புறமுள்ள பழைய டென்னிஸ் மைதானத்தில் அமைக்க வேண்டுதல், அம்முடிவுக்குக் காரணமான என் அறிக்கையின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் 14.11.2025 அன்று அளித்த கருத்து மனு.
2. மன்றத்தின் 24.11.2025 நாளிட்ட தீர்மானம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவளும் நான்தான். அதன் மீது இன்று புகார் கொடுப்பவளும் நான்தான். இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தங்கள் அலுவலர்கள் தலையைச் சொறிவார்கள். அந்தச் சிரமத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய மன்னிப்பு பின்னால் வருகிறது.

1. பள்ளி வாசலிலுள்ள கடவையில் பத்தொன்பது ஆண்டுகளாக, காலையில் முக்கால் மணி நேரமும் மாலையில் முக்கால் மணி நேரமும், 'நில்' பலகையைப் பிடித்து நிற்கிறேன். இந்த ஊர் இளைஞர்களில் பாதிப்பேரை நான்தான் சாலை கடக்க வைத்திருக்கிறேன். ஆகவே சாலையைப் பற்றி நான் எது சொன்னாலும் இங்கே யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இதைப் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. பின்னர் நடந்ததற்கெல்லாம் இதுவே காரணம்.

2. பிள்ளைகள் சக்கரப் பலகையில் ஓடி விளையாடும் ஸ்கேட் திடலுக்கு மன்றம் இரண்டு இடங்களை முன்வைத்தது. ஒன்று, புல் மண்டிக் கிடக்கும் பழைய டென்னிஸ் மைதானம். மற்றது, ஊருக்கு வெளியே தானியக் கிடங்கின் எதிர்ப்புறம். பிள்ளைகள் அனைவரும் டென்னிஸ் மைதானத்தையே கேட்டார்கள். அந்த மைதானத்தின் வேலியும் என் வீட்டுக் கொல்லைப்புற வேலியும் ஒன்றே. மாலையில் வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொல்லையில் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பேன். அந்த நேரத்தில் வேலிக்கு அப்பால் சக்கரங்கள் கடகடவென்று ஓடுவதை நான் விரும்பவில்லை. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

3. போக்குவரத்துப் பொறியாளர் பிப்ரவரியில்தான் வர முடியும் என்றும், ஊர்மக்களிடம் விவரம் இருந்தால் இணைக்கலாம் என்றும் மன்றம் அறிவித்தது. நவம்பர் 12, புதன்கிழமை, காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை கிடங்குச் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து மணி நேரத்தில் பதினொரு வண்டிகள். ஒரு தானிய லாரிகூட இல்லை. 'அறுவடைக் காலத்தின் ஒரு வேலை நாளில் எண்ணப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான சாலை' என்று எழுதி, என் பதவியையும் கீழே குறிப்பிட்டுக் கையொப்பமிட்டேன்.

அன்று கடும் தீ அபாய நாள். காலை ஆறு மணிச் செய்தியில் அதைக் கேட்ட பிறகுதான் நாற்காலியை வண்டியில் ஏற்றினேன். வடக்கிலிருந்து அனல் காற்று வீசும் நாளில் இவ்வட்டாரத்தில் எவரும் அறுவடை இயந்திரத்தைக் கிளப்ப மாட்டார்கள். ஒரு பொறி போதும், நான்கு பண்ணைகள் போய்விடும். அறுவடை நின்றால் லாரியும் நிற்கும். இது இங்குள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் மனுவில் ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமும் பொய்.

4. தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் பன்னிரண்டு வயது ப்ரைடி லீனார்ட் என்ற மாணவி, தனக்கு ஒதுக்கிய மூன்று நிமிடங்களில் பேசினாள். அவள் சொன்னது: "எங்களுக்குப் பெரிய இடம்லாம் வேணாம். லைப்ரரிக்குப் பின்னாடின்னா எங்க அம்மா கடைக்கு வரும்போது எட்டிப் பாத்துக்குவாங்க. கிடங்குக்குப் போகணும்னா ரோடு தாண்டணும்ல."

கவுன்சிலர் ஆல்வின் நோஸ்கே அதற்கு, "அந்த ரோடு சரிதான்னு மார்லினே எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. அவங்களுக்குத் தெரியாத ரோடா?" என்றார். அவர் நாற்பது ஆண்டுகளாகக் கோதுமை பயிரிடுபவர். என் தாளிலிருந்த தேதியைப் பார்த்திருந்தால் அந்த நொடியே பிடித்திருப்பார். யாரும் தேதியைப் பார்க்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தார்கள்.

ப்ரைடி திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப சரி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நான் கைப்பையைத் திறந்து, அதிலில்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

5. தீர்மானம் வந்த வாரத்திலேயே பிள்ளைகள் கிடங்குக்கு எதிரிலுள்ள பழைய சிமெண்ட் தளத்தில் பழகத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் இடம் என்று மன்றமே சொன்ன பிறகு அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? டிசம்பர் 4, வியாழன் மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, கோதுமை நிரப்பிய லாரி ஒன்று கிடங்குக்குத் திரும்பும்போது ப்ரைடி குறுக்கே வந்தாள். லாரியைக் கண்டு தன் ஸ்கேட் பலகையிலிருந்து பின்பக்கமாகக் குதித்தாள். பலகை சக்கரத்துக்கடியில் போனது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே.

லாரியை ஓட்டி வந்த ஜெனெல் ஹார்ட்டை அன்று மாலை ரொட்டிக் கடை வாசலில் பார்த்தேன். "பலக நொறுங்குற சத்தம் கேட்டுச்சு மார்லின். பிள்ளையும் அடியிலதான் இருக்குன்னு நெனச்சு, எறங்கிப் பாக்கவே எனக்குத் தைரியம் வரல" என்றாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். இதற்குக் காரணமானவளிடமிருந்தே ஆறுதல் பெறுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

6. மறுநாள் காலை ப்ரைடி என் கடவைக்கு நடந்து வந்தாள். ஆண்டு முடியும்வரை ஸ்கேட்டிங்கே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மற்ற பிள்ளைகள் முன்னே போகட்டும் என்று நின்று, என்னிடம் சொன்னாள்: "அங்க லாரி வராதுன்னு நீங்க எழுதியிருந்தீங்கல்ல மிஸ்ஸஸ் டி, அதான் நான் திரும்பிப் பாக்கல. தப்பு என்னோடதுதான். உங்க மேல யாரும் கோவப்படக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டேன்."

நான் விசில் ஊதி அவளைச் சாலை கடக்க வைத்தேன். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொய் எழுதிய நாளைவிட அதிகமாக.

7. டிசம்பர் 6, சனிக்கிழமை, அதே நாற்காலி, அதே ஐந்து மணி நேரம். போனதும் வந்ததுமாக 183 வண்டிகள். அவற்றில் 127 தானிய லாரிகள். எண்ணிய தாளை இத்துடன் இணைத்துள்ளேன். ஆனால் என் எண்ணிக்கையை இனி நம்ப வேண்டாம். வேறு யாரையாவது அனுப்பி, தீ அபாயமில்லாத நாளாகப் பார்த்து எண்ணச் சொல்லவும்.

எனவே தாங்கள் கருணைகூர்ந்து,

(அ) வரும் திங்களன்று கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகவிருப்பதால், அதற்கு முன்பே கிடங்குச் சாலைத் தீர்மானத்தை நிறுத்தி வைக்குமாறும், திடலைப் பழைய டென்னிஸ் மைதானத்துக்கே தருமாறும் வேண்டுகிறேன். சத்தத்தைப் பற்றி என் வீட்டிலிருந்து எக்காலத்திலும் புகார் வராது. வந்தால் இந்த மனுவை எடுத்து எனக்கே படித்துக் காட்டவும்.

(ஆ) இம்மனுவை முழுமையாக அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டுகிறேன். 'தவறான தகவல் பெறப்பட்டது' என்று என் பெயரை மூடி மறைக்க வேண்டாம். கவுன்சிலர் நோஸ்கேவையும் குறை சொல்ல வேண்டாம். என்னை நம்பியதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

(இ) ஒரு சாலையைப் பற்றிப் பொய் சொன்னவள் இன்னொரு சாலையில் பிள்ளைகளை நிறுத்தும் பலகையைப் பிடிக்கலாமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். பிடிக்கக் கூடாது என்பதே என் கருத்து. இருப்பினும், மாற்று ஆள் வரும் நாள்வரை என்னை விடுவிக்க வேண்டாம். அந்தக் கடவை ஒரு காலைப்பொழுதுகூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

தங்கள் முடிவு எதுவாயினும் ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மார்லின் ட்ரெவெனா

இடம்: டன்வெல்
நாள்: 08.12.2025

இணைப்பு: 06.12.2025 நாளிட்ட வண்டி எண்ணிக்கைத் தாள்.

நகல்: செல்வி ப்ரைடி லீனார்ட் மற்றும் அவளது பெற்றோர். தபாலில் அல்ல, இன்று மாலை கடவை வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய், அவளை உட்கார வைத்து, ஆறாம் பத்தியை முதலிலும் பிறகு முழு மனுவையும் நானே படித்துக் காட்டுவேன்.