சின்ன பேட்டரி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

காலையில் மாமியாருக்கு மூச்சுத் திணறியது. என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனதிலிருந்து யாரும் தொடாத, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் காரை எடுக்கப் போனேன். விளக்குகூட எரியவில்லை. ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, மதியமே அனுப்பிவிட்டார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்குதுக்கா. வண்டிய எழுப்புற சின்ன பேட்டரிதான் செத்துப்போச்சு. ஓட்டாம வச்சா இறங்கிடும்." புதிது மாட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"நான் வர வரைக்கும் வண்டியத் தொடாதன்னு சொன்னேன்ல?"

"தொடாததாலதாங்க செத்துச்சு. எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்குது. இனிமே வாரா வாரம் நான் ஓட்டுவேன்."

"மங்கலம்பேட்டை ரோட்டுல லாரி வரும். பாத்துப் போ" என்றார்.

சாயங்காலம் சாவியை எடுத்ததுமே மாமியார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும் காத்தாட இருக்கும். நீ ஓட்டு."