ஏழு தண்ணி

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் துளிதான். திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்து பரவியது. ஒருவன் கற்றாழை மடலை வெட்டிப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். அவனேதான், அக்கா. உன் வாசலுக்கு வந்த அதே பாட்டில்காரன்.

அந்த மஞ்சளை எனக்குக் காட்டியவளே நீதான். தலைக்குத் தேய்க்க மடலை அறுத்தால், சுவரில் சாய்த்து, மஞ்சள் பால் வடிந்த பிறகே தோலைச் சீவுவாய். உள்ளிருக்கும் சோற்றை வாய்க்காலில் அலசிக்கொண்டே இருப்பாய். "ஏழு தண்ணி கழுவணும்டி ஊமச்சி. இல்லன்னா கத்தாழ பழி வாங்கிரும்" என்று சிரிப்பாய். யார் முன்னாலும் வாய் திறக்காத எனக்கு நீ வைத்த பெயர் அது. நான் விரலைச் சுட்டுக்கொண்ட அன்று அந்தச் சோற்றைத்தான் வைத்துக் கட்டினாய். எரிச்சல் அடங்கியது.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி, மாசமாயிருந்த உனக்குத் துணையாக அனுப்பினார்கள். அத்தான் துபாய் போன புதிது. அவர் அனுப்பிய கலர் டிவியில் விளம்பரம் பார்த்துப் பார்த்து, லேபிள் ஒட்டிய எதன்மேலும் உன் மாமியாருக்கு மரியாதை வந்திருந்தது.

"தோலோட முழு மடலையும் அரைச்சது தாயீ. சூடு தணியும், புள்ள செவப்பாப் பொறக்கும்" என்று வாசலில் நின்று பாட்டிலை நீட்டினான் அவன்.

ஒரு வாய் குடித்து நீ முகம் சுளித்தாய். "மஞ்சப் பாலு கசக்குது அத்தை. இதைக் கழுவவே இல்ல."

"கசந்தாதாம்மா அசல் சரக்கு" என்றான் அவன்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? குடி" என்றார் மாமியார். தினமும் குடிக்க வைத்தார்.

பேதியும் வயிற்றுவலியுமாக உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ரத்தம் நிற்கவில்லை. பாட்டிலை முகர்ந்து பார்த்த நர்ஸ் கத்தினார்: "கத்தாழச் சோத்துல பெரும்பாலும் தண்ணிதான். தோலுக்கடியில இருக்க மஞ்சப் பால்லதான் அலோயின் இருக்கு. பேதியாக்கும், கர்ப்பப்பையைச் சுருட்டி இழுக்கும். புள்ளத்தாச்சிக்கு இதையா குடுத்தீங்க?"

பிள்ளையும் தங்கவில்லை, நீயும் தங்கவில்லை. விதி என்றார் மாமியார். நான் அவன் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்.

இன்று மேசைக்கு முன்னால் வயிறு தள்ளிய ஒருத்தி பாட்டிலுக்குக் கை நீட்டினாள். அவளுக்கு முன் நான் அதை எடுத்தேன். டீக்கடை டம்ளரில் விளிம்புவரை ஊற்றினேன்.

"நீங்க குடிங்க."

உன் ஊமச்சியின் குரல்தான், அக்கா. எனக்கே புதிதாக இருந்தது.

"எனக்கெதுக்கு பாப்பா? நான் என்ன புள்ளத்தாச்சியா?" பெண்கள் சிரித்தார்கள்.

"சூடு தணியும். குடிங்க."

"தஞ்சாவூர் பஸ் வந்துரும்மா..."

"அடுத்த பஸ்ல போங்க. கசந்தாதான அசல் சரக்கு?"

அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது. என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ. "குடிச்சுக் காட்டுங்களேன், அப்பதான் வாங்குவோம்" என்றாள் வயிறு தள்ளியவள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள்.

குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. கடைசி மடக்கு இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டம்ளரை மறுபடியும் நிரப்பினேன்.