கொல்லைத் தளத்தை உடைச்சுட்டேன், மாமா

என்னைத் திட்டுறதுக்குன்னே எங்க அக்காவைக் கட்டிக்கிட்ட அன்பு மாமாவுக்கு,

முதல்ல உட்கார்ந்துக்குங்க. சேதி அப்படி. ஸ்ரீரங்கம் மேலூர் வீட்டுக் கொல்லையில நீங்களும் நானும் சேர்ந்து போட்டோமே சிமெண்டுத் தளம், அதை உடைச்சாச்சு. நான்தான் உடைச்சேன். அக்கா உத்தரவு கொடுத்த பிறகுதான் உடைச்சேன், அதனால திட்டுறதா இருந்தா அவளையும் சேர்த்துத் திட்டுங்க. அந்தத் தைரியம் உங்களுக்கு உயிரோட இருந்தப்பவே கிடையாது.

நீங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷ ஐப்பசி மழையில வழக்கம்போலக் கொல்லைத் தண்ணி அடுப்படிக்குள்ள வந்தது. அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டுல மாவுக்கட்டு. உங்க பிள்ளை கார்த்தி ஓசூர்ல இருந்து ஓடி வந்தான். "அடுத்த மழைக்கும் உள்ள தண்ணி வந்துச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடணும்மா"ன்னு முடிவாச் சொல்லிட்டான். நல்ல பிள்ளை, அவன் சொன்னதுல தப்பில்லை. ஆனா அவன் இருக்கறது ஏழாவது மாடி. ஒரு தரம் போய்ப் பத்து நாள் இருந்துட்டு வந்த அக்கா, "அங்க நடந்தா யாரு தலை மேலயோ நடக்குற மாதிரியே இருக்குடா"ன்னா. அவளுக்குப் போக மனசில்லை. எனக்கும் அவளை விட்டா திட்டு வாங்கறதுக்கு வேற இடம் ஏது?

அதே நேரம் என் கை ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணிடுச்சு. தோல் வெடிச்சு, அரிப்பு, சோறு பிசைஞ்சா எரியும். புத்தூர்ல தோல் டாக்டரைப் பார்த்தேன். "சிமெண்ட் உங்களுக்கு ஒத்துக்கலை"ன்னார். "முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின பிறகா சார் ஒத்துக்கலைங்கறீங்க"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, இனிமே கலவையில கை வைக்கக்கூடாதுன்னுட்டார். கொத்தனார்கிட்டச் சொல்ற பேச்சா அது?

சும்மா இருக்க முடியாம, காட்டூர் தாண்டி ஒரு தோட்டத்துல சுவர் வேலைக்கு மேற்பார்வை பார்க்கப் போனேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரங்க பேரு ஜெசிந்தா சிஸ்டர். ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, அதனால எல்லாருக்கும் இன்னும் சிஸ்டர்தான். ஞாயித்துக்கிழமை தோறும் பெர்மாகல்ச்சர்னு ஒரு விவசாயமும், மூலிகையும் சொல்லிக் கொடுக்கறாங்க. உழ வேண்டாம், மூடி வைக்கலாம், மழைத்தண்ணி எங்க விழுதோ அங்கயே இறங்க விடணும், இதுதான் பாடம். நான் அஞ்சாங் கிளாஸ்ல விட்ட பள்ளிக்கூடத்தை மாமரத்தடியில மறுபடி பிடிச்சேன். இந்தத் தடவை யாரும் முட்டி போடச் சொல்லலை.

முதல் ஞாயிறே மாட்டிக்கிட்டேன். குப்பைமேனி அரிப்புக்கு நல்லதுன்னு அரைகுறையாக் கேட்டுட்டு, பாடம் முடியறதுக்குள்ள இலையை உப்பு வச்சுக் கசக்கி வெடிப்புல தேய்ச்சுட்டேன். மாமா, அன்னிக்கு நான் அந்தத் தோட்டத்தை எத்தனை சுத்து சுத்தினேன்னு எனக்கே தெரியாது.

"பழனி, புண்ணுல உப்பு வைக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"டீக்கடையில சொன்னாங்க சிஸ்டர்."

"அப்ப டீக்கடையிலயே வைத்தியம் பார்த்துக்கறதுதானே?"

அப்புறம் கையைக் கழுவிவிட்டு, வெடிப்பு ஆறின பிறகு தடவிக்கச் சொல்லி இலைச்சாறு காய்ச்சின தேங்காய் எண்ணெய் கொடுத்தாங்க. டாக்டர் மாத்திரையை நிறுத்தினா அடுத்த ஞாயிறு வராதேன்னும் சொன்னாங்க. நாம எந்த வேலைக்குப் போனாலும் முதல்ல பிடுங்கி எறியற செடி மாமா அந்தக் குப்பைமேனி. எத்தனை வண்டி எறிஞ்சிருப்போம்?

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அக்கா வீட்டுக் கதையையும் கேட்டுட்டு, சிஸ்டர் ஒண்ணு சொன்னாங்க. "உங்க கையும் அந்தக் கொல்லையும் ஒரே நோயாளிதான். ரெண்டும் சிமெண்டுக்கு அடியில மூச்சு விட முடியாமக் கிடக்கு. தளத்தை எடுங்க, தண்ணியை மண்ணு குடிச்சுக்கும்."

நான் அக்காகிட்டப் போய்ச் சொன்னேன். அவ சம்மதிக்கலை. "அவர் கையால போட்ட தளம்டா. அவர் நின்னு தேய்ச்ச இடம். அதுல சம்மட்டி வைப்பியா நீ?" தண்ணி உள்ள வந்தாலும் சரி, ஓசூர் போனாலும் சரி, தளத்தைத் தொடக்கூடாதுன்னுட்டா. ஒரு மாசம் இதே பேச்சு.

வேற வழியில்லாம அன்னிக்கு உண்மையைச் சொல்லிட்டேன். உங்களுக்கும் இப்பச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தளம் போட்ட அன்னிக்கு வாட்டம் பார்க்கத் தண்ணி டியூப் பிடிச்சது நான். டியூபுக்குள்ள காத்துக் குமிழி ஒண்ணு நின்னுச்சு, குமிழி நின்னா மட்டம் தப்பாக் காட்டும்னு எனக்குத் தெரியாதா? பார்த்தேன். ஆனா சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட நம்ம ஆளுங்க பிரியாணிக்குக் காத்திருந்தாங்க. "மட்டம் சரியா இருக்கு மாமா"ன்னு சொல்லிட்டேன். அந்தக் குமிழியால சாக்கடைப் பக்கம் போக வேண்டிய வாட்டம் அடுப்படிப் பக்கம் திரும்பிடுச்சு. பதினாலு வருஷம் அக்காகிட்ட உங்களுக்கு விழுந்த திட்டு அத்தனையும் எனக்கு வந்திருக்க வேண்டியது.

அக்கா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே நிமிராமச் சொன்னா: "தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

"மறுநாள் தண்ணி விட்டுப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. 'உன் தம்பி டியூப்ல குமிழியைப் பார்க்காம விட்டுட்டான், சொன்னா அப்புறம் மட்டம் பிடிக்கவே பயப்படுவான், நீ என்னையே திட்டிக்கோ'ன்னார். நானும் திட்டினேன்."

ஏன் மாமா சொல்லலை? வருஷா வருஷம் அடுப்படியில வாளியும் துணியுமா நின்னுக்கிட்டு, "மண்ணு இறங்கிடுச்சு சரோஜா, மண்ணு இறங்கிடுச்சு"ன்னு கூசாமச் சொன்னீங்களே. பக்கத்துலயே நின்னு "ஆமாக்கா, ஸ்ரீரங்கத்து மண்ணே அப்படித்தான்"னு ஒத்து ஊதினேனே நான். அப்ப உங்களுக்கு என் தலையில ஒரு கொட்டு வைக்கணும்னுகூடத் தோணலையா?

அரிசியை வச்சுட்டு அக்கா எழுந்தா. "தப்பாப் போட்ட தளம்னு உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழணும், உடை"ன்னா.

உடைச்சோம். கை படக்கூடாதுன்னு ஆள் வச்சு, மெஷின் வச்சு. உங்க கலவையைப் பத்தி ஒரு வார்த்தை: அடப்பாவி மாமா, என்ன பலம். மெஷின்காரன் ரெண்டு தடவை உளி மாத்தினான். அடியில இருந்த மண்ணு சாம்பல் நிறம், ஒரு மண்புழு இல்லை. சிஸ்டர் சொன்னபடி சாணமும் வாழைமட்டையும் சருகும் போட்டு மூடினேன். ரெண்டே மாசத்துல யாரும் விதைக்காமக் குப்பைமேனி தானா வந்து நின்னது. நான் போய்க் கும்பிட்டுட்டு வந்தேன், அக்கா தலையில அடிச்சுக்கிட்டா.

மட்கு உரக் குவியல் ஒண்ணும் போட்டேன். மேல மூட ஏதாவது வேணும். உங்க கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பரண்ல சும்மா இருந்தது. நல்ல தடிமன். அதைப் போர்த்தினேன். காலையில அக்கா போட்ட சத்தத்துல எதிர்வீடு முழிச்சது.

"அவர் மூஞ்சியைக் கொண்டுபோய்க் குப்பை மேல போட்டிருக்கியே, நீ மனுஷனா?"

திருப்பிப் போட்டேன்.

"இப்ப குப்பையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறாரே."

கடைசியில உங்க படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரண்ல வச்சுட்டு, "இவண், துயருறும் குடும்பத்தார்"ங்கிற பாதியைப் போர்த்தியிருக்கேன். உரம் நல்லா வெந்து வருது.

புரட்டாசியில பள்ளம் வெட்டினேன். மாடித் தண்ணியும் கொல்லைத் தண்ணியும் வந்து நின்னு இறங்கறதுக்குச் சம மட்டத்துல நீளமா ஒரு பள்ளம். என் வேலைன்னு ஒரு பெருமை வேண்டாமா? கையுறை மாட்டிக்கிட்டு உள்ள முழுக்கக் கலவை பூசி, தேய்ச்சு, கண்ணாடி மாதிரி பண்ணிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாளி ஊத்தினாங்க. அப்படியே நின்னது.

"பார்த்தீங்களா சிஸ்டர், ஒரு சொட்டு இறங்காது."

சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க. பள்ளத்தைப் பார்த்தாங்க. "இறங்கறதுக்குத்தானே வெட்டச் சொன்னேன் பழனி? மீன் வளர்க்கப் போறீங்களா?"ன்னாங்க. அப்படியே வெட்டிப் போட்ட மண் மேட்டுல உட்கார்ந்து சிரிச்சாங்க. அக்கா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள ஓடினா. நீங்க போன பிறகு அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. தண்ணி கசியக்கூடாது, கசியக்கூடாதுன்னு முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்துட்டீங்க மாமா. கை பழகினதைத்தான் செய்யும். எல்லாப் பூச்சையும் உடைச்சு எடுத்தேன். நான் பூசினதுலயே அருமையான பூச்சு அதுதான்.

போன வாரம் மழை வந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிடிச்சது, விடவே இல்லை. அடுப்படி வாசப்படியில அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டா. மடியில சாக்கு, கையில விளக்குமாறு. நான் பக்கத்துல நின்னேன். பள்ளம் நிறைஞ்சது. வழிஞ்சது. சருகெல்லாம் மிதந்துக்கிட்டு அடுப்படியைப் பார்த்து வந்தது. வாசப்படிக்கு நாலு விரக்கடைதான் பாக்கி. "ஓசூர்லயும் கோயில் இருக்காமே"ன்னா அக்கா மெதுவா.

மழை விடலை, ஆனா தண்ணி அதுக்கு மேல ஏறலை. அப்படியே நின்னது. கொஞ்ச நேரத்துல ஒரு விரக்கடை இறங்கியிருந்தது. மண்ணு குடிக்குது மாமா. குமிழி விட்டு விட்டுக் குடிக்குது. நான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ எப்பவோ பார்த்திருக்கா.

போன் அடிச்சது. கார்த்தி. "அம்மா, திருச்சியில பலத்த மழைன்னு டிவியில போடறான். உள்ள வந்துச்சா?"

அக்கா தரையைப் பார்த்தா. காஞ்ச தரை. அடுப்புக்குப் பக்கத்துல கொழுகொழுன்னு ஒண்ணு உட்கார்ந்திருந்தது.

"தண்ணி வரலைடா. தவளை ஒண்ணு வந்திருக்கு. அது போற மாதிரி தெரியலை. நானும் எங்கயும் வரதா இல்லை"ன்னு சொல்லிட்டுப் போனை என் கையில கொடுத்துட்டு, அரிசி களையப் போயிட்டா.

கார்த்தி என்கிட்ட, "மாமா, நிஜமாத்தானே?"ன்னு கேட்டான். தவளைகிட்டயே கொடுக்கட்டுமான்னேன்.

எத்தனை ஐப்பசி வந்தாலும் அக்கா இந்த வாசப்படியில உட்கார்ந்து என்னைத் திட்டிக்கிட்டு இருப்பா. அதுக்கு நான் பொறுப்பு மாமா. நீங்க எனக்காக வாங்கின பங்கையும் சேர்த்து வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
உங்க சம்சாரத்தோட ஒரே தம்பி,
பழனி