நெட்டைக்குக் கிடைத்த புதுக் கூட்டாளி

அன்புள்ள நெட்டைக்கு,

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. அதைத்தான் வாரம் ஒரு படம் அனுப்பி ஊருக்கே காட்டுகிறாயே! வெள்ளை ஷூ, தொப்பையைக் காணோம், முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. பணிமனையில் ஆளாளுக்கு என்னிடம் வந்து, "உங்க ஆளு புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரே" என்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான், பொய் சொல்வானேன்? போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாப் படத்திலும் உன்னை ஒட்டிக்கொண்டு நிற்கிறாரே உன் மகளின் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், அவர் அப்படி என்ன சொக்குப்பொடி போட்டார்? அவர் கதவைத் தட்டினால் எழுந்து நடக்கிறாய். அவர் சொன்னார் என்று உப்பைக் குறைத்தாய், எண்ணெயில் பொரித்ததை விட்டாய், சிகரெட்டை ஒரே நாளில் தூக்கி எறிந்தாய். இதையேதான் உன் மகள் வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தினாள். படியேறும்போது உனக்கு மூச்சு வாங்குகிறதே, சாயங்காலம் கொஞ்சம் நடப்போம் வா என்று நானும் கூப்பிட்டேன். நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் கிடக்கிறவனுக்கு நடை எதுக்குடா என்று சிரித்தாய். நேற்று முளைத்தவர் சொன்னால் மட்டும் உனக்கு இனிக்கிறது.

டீ இடைவேளையில் டயர் அடுக்குக்குப் பின்னால் நாம் நிற்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரே சிகரெட், ஆளுக்குப் பாதி. பாதி குடித்தால் நெஞ்சுக்கும் பாதிக் கெடுதல்தான் என்று பெரிய மேதைகள் மாதிரி நம்பினோம். பாதிதானே என்று நாளெல்லாம் பற்றவைத்தது வேறு கதை. நீ ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போன பிறகு மீதியை வேறு யாரிடமும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. முழுசாக நானே குடித்தேன். உன் படம் வரும் நாளில், கோபத்தில் கூடுதலாக ஒன்று.

உன் தங்கச்சியிடம் என் பாடு பெரும்பாடு. "அண்ணனைப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே" என்று சொல்லிச் சொல்லியே வேகவைத்த காய்கறியைத் தட்டில் குவிக்கிறாள். நகை மேசையில் கிடக்கிறது, உப்பு டப்பா பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. என் மனைவிக்குக்கூட இப்போது நீதான் உசத்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சை அழுத்திப் பிடித்தது. இடது கை கனத்தது. வாயுவாக இருக்கும் என்று சொல்லி உட்கார்ந்தேன். கூட வேலை செய்பவர்கள் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வரும் வியாழக்கிழமை குழாய் விட்டு அடைப்பு எங்கே என்று பார்க்கப் போகிறார்கள். சிகரெட்டை அன்றோடு விட்டுவிட்டேன். மெதுவாக நடக்கலாம் என்றார் டாக்டர். தெருமுனை மருந்துக்கடை வரை போய் வருகிறேன். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடக்கிறேன், உன் பக்கத்திலேயே நின்ற பழக்கதோஷம்.

பயமாக இருக்கிறதடா. உன் தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளும் தைரியசாலி மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறாள். அன்று ஆஸ்பத்திரி வெளி பெஞ்சில் அவள் தனியாக உட்காரக் கூடாது. புதன்கிழமையே வந்துவிடு. வாத்தியாரை விட்டு வர முடியாதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, நான் முகம் சுளிக்க மாட்டேன். என்னை உள்ளே கொண்டுபோகும் முன் அவரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். நான் வெளியே வராவிட்டாலும் காலையில் உன் கதவைத் தட்ட ஓர் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ நூறு வயது நட.

இப்படிக்கு,
உன் மேல் தீராத கோபத்தோடு,
பிரேக்கு மெக்கானிக்