முருகேசா, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்

என் உயிர் மாப்ளே முருகேசா,

முதலில் சந்தோஷச் செய்தி. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். தொலைத்துவிட்டுத் தடுமாறவில்லை, இனி வேண்டாம் என்றுதான் கழற்றியது. நீ இருந்திருந்தால் என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எத்தன வெரலு, சொல்லு பாப்போம்" என்று சந்தியில் நிற்க வைத்தே கேட்டிருப்பாய்.

நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லையே, அதற்குப் பிறகு நாம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய ஜீப்புக்கு நான் ஒருத்தன்தான் டிரைவர். ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது மேகம் இறங்கி என் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். முன்பெல்லாம் நீ பக்கத்தில் இருந்து, நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்து, துண்டில் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாய். வேறு யாரிடம் போய் இதைக் கேட்பது?

போன மழைக்காலத்தில் ஒரு நாள், வளைவில் பஸ்சு இறங்கி வந்தது. அதன் வெளிச்சம் என் கண்ணில் பூவாணம் மாதிரி சிதறியது. ரோடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். டயர் தடுப்புச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பின்னால் செல்வியும் இருந்தாள். ஆமாம் மாப்ளே, உன் பெண்டாட்டி செல்விதான். அவளும் இப்போது ஏலக்காய் எடுக்க வருகிறாள்.

அவள் கத்தவில்லை. இறங்கி முன்னால் வந்து, "அண்ணே, கண்ணச் சரிபண்ணாம இனி இந்த வண்டிய எடுக்காதீக. இத்தன பேரு உசுரு இருக்கு" என்றாள்.

என் பெண்டாட்டி ஜமீலா என்னை மதுரைக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண். என்னை ஒரு மெஷினுக்குள் பார்க்கச் சொல்லி, திரையில் கலர் கலராக ஒரு படம் காட்டினார்.

"உங்க கண்ணோட மேடு பள்ளம் இது. கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். வெளிச்சம் சிதறுறதுக்கு இந்தச் சின்ன மேடு பள்ளமும் ஒரு காரணம். கண்ணாடி பவரை மட்டும்தான் சரி பண்ணும். இந்தப் படத்தை வச்சு, உங்க கண்ணுக்குன்னே லேசரைச் சரிபண்ணலாம்."

"நான் தும்மிட்டா?"

"கண்ணு அசைஞ்சா மெஷினே கவனிச்சு நிறுத்திரும்."

"அப்ப இனி கண்ணாடியே வேண்டாமா?"

"தூரப் பார்வைக்கு வேண்டியிருக்காது. வயசு ஏற ஏறப் படிக்கிறதுக்கு வரும்."

"பேப்பரு நான் படிச்சுச் சொல்லிக்கிறேன், நீங்க ரோட்டப் பாக்க வழி பண்ணுங்கம்மா" என்றாள் ஜமீலா. டாக்டர் சிரித்துவிட்டார்.

லேசர் வைக்கும் நாள் வந்தது. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். மேலே ஒரு வெளிச்சப் புள்ளி. அதையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுவது போல ஒரு வாசம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் "முடிஞ்சது, எந்திரிங்க" என்றார்கள். சாயந்திரம் வரை கண்ணில் மிளகாய் விழுந்த எரிச்சல்.

மறுநாள் காலை விழித்தால் சுவரில் பல்லியின் விரல்கூடத் தெரிகிறது! மூலையில் ஒட்டடையும் தெரிந்தது. அதைச் சொன்னேன். "கண்ணு வந்த மொத நாளே கொற கண்டுபிடிக்கிறீகளா?" என்று ஜமீலா தண்ணீர்ச் செம்பை ணங்கென்று வைத்தாள். நான் சிரித்தேன், அவள் அழுதாள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மெட்டு ஏறினேன். மேகம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று வைப்பரைப் போட்டேன், அவ்வளவுதான். எதிரே வந்த லாரியின் விளக்கு இரண்டும் இரண்டாகவே தெரிந்தன. மேலே போய் நிறுத்தியதும் பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்லோரும் தோட்டத்துக்குள் போன பிறகு செல்வி மட்டும் நின்றாள்.

"அண்ணே, எங்க அண்ணனுங்க வண்டியில எம் பங்க வித்துரச் சொல்றாக."

"நீ என்ன சொன்ன ஆத்தா?"

"விக்க மாட்டேன்னேன். பாதி வண்டி என்னோடது. எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. ஒங்க கண்ணு சரியாகட்டும்னுதான் காத்துக்கெடந்தேன்."

இதை நீ எதிர்பார்த்தாயா மாப்ளே? நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிலமலைப் பக்கம் பொட்டலில் பழகுகிறாள். கிளட்சை விடும்போது வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. ரிவர்ஸ் மட்டும் உன்னைவிட நன்றாக எடுக்கிறாள், கோபப்படாதே.

நம் ஜீப்பை விற்க மாட்டோம். லைசென்சு வாங்கி, பொட்டலில் கை பழகி, அவள் மெட்டு ரோட்டில் தனியாக வண்டியை ஏற்றும் நாள் வரை நான் கூட இருப்பேன். வளைவில் அவள் திருப்பும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நீட்ட மாட்டேன், கத்தவும் மாட்டேன். இதில் இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம், அது உனக்கே தெரியும். இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன்.

உனக்கு மச்சான், செல்விக்கு அண்ணன்,
காதர்